நோட்டீஸின் பின்பக்கம்

தலைவர் இறந்த மறுநாள் அவருடைய காகிதங்களுக்குக் காய்ச்சல் கண்டது. பெட்டிகளை ஒதுக்கப்போன மகள் கையைச் சுட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவள், பதறவில்லை. கட்டுகளுக்கு நடுவே தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தாள், நூற்று மூன்று காட்டியது. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்து, ஆயுசு முழுக்கக் கொதித்த மனுஷன், சூடு ஆற நாளாகும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

காகிதம் விஷயத்தில் தலைவர் மகா கஞ்சன். ஊர்வலம், ஜெயில், மறுபடி ஊர்வலம் என்று ஓடியவருக்கு வெள்ளைத்தாள் வாங்க வழி ஏது? வீட்டில் அடுப்பெரிந்ததே மனைவியின் தையல் மிஷினால்தான். கைக்கு எட்டிய எதன் பின்பக்கத்திலும் எழுதிவிடுவார். கூலி உயர்வுக் கோரிக்கை ஒன்றைத் திருப்பினால் யாரோ ஒரு அம்மாளின் இடுப்பளவு இருந்தது. காகிதங்களை வாங்க வந்த நூலகத்துக்காரர், குடும்பச் சமாச்சாரம் வேண்டாம், பொதுவாழ்க்கையை மட்டும் பிரித்துக் கொடுங்கள் என்றார்.

"தனித்தனியா தாள் வாங்குற வசதி அவருக்கு எங்க சார் இருந்துச்சு? எடுத்துட்டுப் போனா ரெண்டு பக்கத்தையும் சேத்துத்தான் எடுத்துட்டுப் போகணும்" என்றாள் மனைவி. நூலகத்துக்காரர் சும்மா தலையாட்டி வைத்தார்.

பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்ததில், அத்தனை சூடும் ஒரே தாளிலிருந்து கிளம்புவது தெரிந்தது. மில் வேலைநிறுத்த நோட்டீஸ், தலைவர் கைப்பட எழுதியது. அதைத் தெரியாதவர் இந்த ஊரில் கிடையாது, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அது வெளியானபின் பதினாலு மணி நேர வேலை எட்டு மணியானது. நூலகத்துக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம், அவர் ஒரு பக்கத்தைத்தான் பார்த்தார். மறுபக்கம் மருந்துச் சீட்டு. நாலு வயது மகனின் காய்ச்சலுக்கு டாக்டர் எழுதித் தந்துவிட்டு அன்றே ரயிலேறிவிட்டார், ஊரில் வேறு டாக்டரும் இல்லை. தலைமறைவாகக் கிளம்பிய தலைவர் அவசரத்தில் அதன் பின்னால் நோட்டீஸை எழுதி அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகம் போலீசுக்குப் பயந்து உள்ளே பூட்டிக்கொண்டு வேலை செய்தது. சீட்டைக் காணாமல் மனைவி வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினாள். சீட்டு திரும்பி வந்தபோது பையன் இல்லை. வெற்றி ஊர்வலம் தலைவரைத் தோளில் சுமந்துகொண்டு தெருவுக்குள் வந்தபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் அந்த வீட்டில் பையனைப் பற்றிப் பேச்சே இல்லை. தலைவர் எழுதிக் குவித்த பக்கங்களில் ஓர் இடத்திலும் அவன் கிடையாது.

நூலகத்தில் நோட்டீஸ் மேலே தெரியும்படி தாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். கண்ணாடியில் ஆவி படிந்து ஓர் எழுத்தும் தெரியவில்லை. துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய்த் திருப்பி வைத்ததும் தெளிந்துவிட்டது. குறிப்பட்டையில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நூலகத்துக்காரர் மறுபடி வந்தார்.

"சீட்டைப் பத்தி எழுதினா ஐயா பேரு கெட்டுடுமேன்னு யோசிக்கிறோம்மா."

மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். "அவர் தப்புன்னு நான் எழுதச் சொல்லல சார். அந்த நோட்டீஸாலதான் எத்தனையோ வீட்டுல புள்ளைங்க தூங்குறதுக்கு முன்னாடி அப்பா முகத்தப் பாத்துச்சு. எனக்குத் தெரியாதா? எங்களுக்கு ஒரு பையன் இருந்தான்னு எழுதுங்க. அதுக்கு இடமில்லேன்னா தாளைக் குடுத்துடுங்க, நானே வெச்சுப் பாத்துக்கிறேன்."

எழுதினார்கள். மருந்துச் சீட்டு, நோயாளி தலைவரின் மகன், வயது நான்கு, பின்பக்கம் வேலைநிறுத்த நோட்டீஸ். அதனால் காய்ச்சல் இறங்கிவிடவில்லை. நூலகப் பணியாளர் தினமும் ஈரத்துணி மாற்றுகிறார். மை ஊறுவதற்குள் துணி காய்ந்துவிடுவதால் தாளுக்குச் சேதமில்லை. தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அவள் உள்ளே வருவாள். பெட்டியைத் திறக்கச் சொல்லிப் புறங்கையை வைத்துப் பார்ப்பாள்.

"இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு" என்று பணியாளரிடம் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போவாள்.