குறையாத தண்ணீர்

மேசையில் வைத்த தண்ணீர் இந்த வருஷமாவது குறையுமா என்பதுதான் பசிலியாவின் கவலை. நவம்பர் முதல் தேதி நடுப்பகலில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். நெடுந்தூரம் நடந்து தாகத்தோடு வருகிறவர்கள், குவளையில் ஒரு வாயாவது குடிக்காமல் போகமாட்டார்கள். மலைமேட்டு ஊர் முழுக்க எல்லா வீட்டுக் குவளைகளும் குறைந்தன. அவள் புருஷன் நிகானோருக்கு வைத்தது மட்டும் இரண்டு வருஷமாக வைத்தது வைத்தபடியே இருந்தது.

பராகுவேயோடு நடந்த சாக்கோ போருக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போன பொலிவியப் பட்டாளம், ஆளைக் காணவில்லை என்று சொன்னதோடு சரி. இப்போது போர் முடிந்து, பராகுவேயில் சிறைப்பட்டவர்கள் ரயில் ரயிலாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் பசிலியா இன்னும் விதவைக் கறுப்பு போடவில்லை. மேசை போட்டதும் மாமியார் திமோத்தேயாவின் பிடிவாதத்துக்காகத்தான். செத்தவருக்கு மூன்று வருஷம்தான் மேசை; இது மூன்றாவது. இதோடு வழியனுப்பிவிட வேண்டும்.

"என்ன, இப்பவே எட்டி எட்டிப் பாக்குற?" என்றாள் திமோத்தேயா, செத்தவருக்குப் படைக்கிற ரொட்டிப் பொம்மைகளை அடுக்கிக்கொண்டே. "அவன் என்ன கோழியா, தண்ணி குடிக்கிறத ஒளிஞ்சு நின்னு பாக்க?"

"செத்திருந்தா குடிச்சிருக்கணும்ல அத்தை."

"உசிரோட இருந்தா வந்திருக்கணும்ல."

பசிலியா மறுபடியும் குவளையை எட்டிப் பார்த்தாள்.

செத்தவருக்காகச் செபம் சொல்லிவிட்டு, அதற்கு ரொட்டி வாங்கிப் போகிற ஊர்க்காரர்களுக்கு நடுவே, கால் விந்தியபடி ஓர் ஆள் வந்தான். பெயர் ஹிலாரியோன். நிகானோரோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவனாம், சிறையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். மண்டியிட்டுச் செபத்தைத் தொடங்கியவன், குவளையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டான்.

பசிலியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்குண்ணே சிரிக்கிறீங்க?"

"இப்படித் தளும்பத் தளும்ப வெச்சா அவன் எப்படிம்மா தொடுவான்?"

"ஏன் தொடமாட்டாரு?"

"முதல் மடக்கு அவன் குடிச்சு நான் பாத்ததே இல்ல. அந்தக் காட்டுல தண்ணிக்காக ஆளை ஆள் அடிச்சுக்கிட்டோம். குப்பி கைமாறி வரும். இவன்கிட்ட வந்தா பக்கத்து ஆளுக்கு நீட்டிடுவான். அவன் குடிச்ச மிச்சம்தான் இவனுக்கு. கிறுக்குப் பயலேன்னு திட்டுவோம்."

பசிலியா மாமியாரைப் பார்த்தாள். வீட்டிலும் நிகானோர் சூப்புக் கிண்ணத்தை முதலில் பசிலியாவிடம்தான் நீட்டுவான். உப்புப் பார்க்கச் சொல்கிறான் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள். இந்த ஆள் கதை அளக்கவில்லை.

"அவரைக் கடைசியா எங்க பாத்தீங்க?" கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்றிருந்தது அவளுக்கு.

ஹிலாரியோன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "கால்ல குண்டு பட்டுக் கிடந்தேன். தண்ணி லாரி நின்ன இடத்துக்கு ஓடி, குப்பியை ரொப்பிக்கிட்டு வந்தான். என் பக்கத்துல வந்து விழுந்தப்பதான் முதுகுல ரத்தத்தைப் பாத்தேன். குப்பி அப்படியே ரொம்பி இருந்துச்சு. நான் பாதி குடிச்சேன். மிச்சத்தை அவன் வாய்கிட்ட வெச்சு, 'நான் குடிச்சிட்டேன்டா, இப்ப நீ குடி'ன்னேன். குடிக்கல."

மகன் செத்தான் செத்தான் என்று இத்தனை நாளும் சாதித்த திமோத்தேயா, அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல ரொட்டிப் பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

பசிலியா குவளையை எடுத்துப் பாதி குடித்தாள். மிச்சத்தை மேசையில், அவன் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் குடிச்சிட்டேன்" என்றாள். "இப்ப நீங்க குடிங்க."

பிறகு திரும்பிப் பார்க்காமல், கறுப்புச் சால்வையை எடுக்க உள்ளே போனாள்.