அமாவாசையன்றும் சரிபார்க்கப்பட்டது

1.

இந்தக் கதை வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் பதிவேட்டில் முதல் இரண்டு தேதிகளை மட்டும் அடித்து, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மிச்சத் தேதிகள் தாமாக வரிசையாக விழும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த பெண், "நடக்காத நாளுங்கூட வந்து உக்காந்துக்குங்க" என்றாள். அவள் இன்னும் அதே வேலையில் இருப்பதால் இங்கே அவளுக்கு நர்மதா என்று பெயர். அன்று மூண்ட ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நடை முரடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

காவிரிப் பாலத்தின் மேல் மாலை வெயில் பொன்னாக

(நிறுத்திவிட்டேன். கை வெந்தவளின் கதைக்கு வெயில் வர்ணனை ஒரு கேடா?)

குமாரபாளையத்தில் மருதாசலத்தின் விசைத்தறிப் பட்டறை. அங்கே தறி ஓட்டியவள் சாலம்மாள். மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று அவள் பலமுறை சொன்னாள். செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டச் சொன்னார் முதலாளி. போன வாரம் மோட்டார் அவளை இழுத்துப் பிடித்தது. இரண்டு உள்ளங்கையும் வெந்து ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

3.

விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்ததும், பட்டறை ஆபீசில் கணக்கு எழுதும் நர்மதாவை மருதாசலம் கூப்பிட்டார். தினசரி மின்சாரப் பரிசோதனைக்கான பதிவேடு வருஷம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பச் சொன்னார். தினமும் சரிபார்த்தோம், அவள்தான் ஈரக் கையோடு தொட்டாள் என்று ஆகிவிட்டால் பழி முழுக்கச் சாலம்மாள் தலையில். வெந்த புண்ணில் வேல்.

நர்மதா மூலையைப் பிடித்து இழுத்தாள். தேதிகள் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரிபார்க்கப்பட்டது' என்பதும் விழுந்தது.*

* ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட அந்த மென்பொருளில் வழி உண்டு. அமாவாசையை விட வழி இல்லை.

4.

அந்த அடிக்குறிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். மருதாசலத்தின் பட்டறையில் அமாவாசையன்று தறி ஓடாது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிடுவார். அமாவாசைக்குத் தறி ஓட்டினால் தோஷமாம். பழுதான மோட்டாரை ஓட்டினால் தோஷமில்லையாம்!

ஆக, மின்சாரமே இல்லாத பூட்டிய பட்டறையில் மின்சாரம் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. அப்படி ஓர் அமாவாசையில் நர்மதாவும் சாலம்மாளும் பாலத்தைத் தாண்டிக் கூடுதுறைக்குக் குளிக்கப் போனார்கள். படியில் வழுக்கிய நர்மதாவைச் சாலம்மாளின் அந்தக் கைதான் பிடித்து நிறுத்தியது. அந்தத் தேதி இப்போது திரையில் இருந்தது.

5.

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. அமாவாசைகளைத் தெரிந்தேதான் அழிக்காமல் விட்டாளா?

முடிவு அ: தெரிந்தே விடுகிறாள். அதிகாரி கண்டுபிடிக்கிறார். முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே

(அந்த அதிகாரி காலண்டர் பார்ப்பார் என்று யார் சொன்னது?)

முடிவு ஆ: வேலையை உதறிவிட்டு

(இதை எழுதும்போதே அவள் குறுக்கிட்டாள். "நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க. எங்கூட்டு அடுப்ப ஆருங்க பத்த வெக்கறது?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல்தான் என்று முதலில் நினைத்தேன்.)

6.

நான் திட்டமிடாத ஒன்று நடந்தது. பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்த மருதாசலம், சுவரிலிருந்த காலண்டரை எடுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அமாவாசையெல்லாம் தூக்கிரு அம்மிணி. நான் தேதி சொல்றேன்."

கறுப்பு வட்டமிட்ட நாட்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நர்மதா ஒவ்வொன்றாக அழித்தாள். கூடுதுறை நாள் வந்தது. அவள் விரல் அப்படியே நின்றது.

"அன்னிக்கு நானும் சாலம்மாக்காளும் கூடுதுறையில இருந்தமுங்க."

"அதுக்குத்தான் அழிக்கச் சொல்றது."

7.

பகுதி எண்களையும் நான் இழுத்துத்தான் போட்டேன். ஏழு தானாக விழுந்துவிட்டது. இதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

நர்மதாவின் விரல் அந்தத் தேதியின்மேல் இருக்கிறது. மருதாசலம் அடுத்த மாதத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அழுத்துவாளா, எடுப்பாளா என்பதை நீங்கள் எழுதுங்கள். அழுத்தினாள் என்று எழுதுவதில் தவறில்லை, அடுப்பெரிய வேண்டும். ஆனால் எழுதியதை ஈரோட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே சாலம்மாளுக்குப் படித்துக் காட்டுங்கள். தாளை வாங்கிப் பிடிக்க அவளால் முடியாது.