அருமை அண்ணா

"எந்தப் பாட்டுன்னு சொன்னீங்கன்னா உங்க போன்ல ஸ்பீக்கர் வயரைச் செருகிடுவேன்" என்று மயானக் கூடத்துக்காரர் கறுப்பு வயரின் நுனியைத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "அரை மணிதான் உங்களுக்கு. அடுத்த சாவு வீட்டுக்காரங்க வெளியில வந்து நிக்கறாங்க."

தம்பி அண்ணியைப் பார்த்தான். அண்ணன் கிடந்த மூடிய பெட்டிக்கு இரண்டடி தள்ளி, முன்வரிசை நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"என்னை ஏன் தம்பி பாக்குற? அவர் பாட்டெல்லாம் எனக்கெங்க தெரியும்? எல்லாத்தையும் கேட்டவன் நீதான். அவருக்கு ரொம்பப் பிடிச்சதா நீயே ஒண்ணு எடு."

தம்பி பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அதே காதைக் கொண்டு உலகம் முழுக்கத் துழாவுவார். எத்தியோப்பியாவின் சாக்ஸபோன், பல்கேரியப் பெண்களின் கூட்டுக்குரல், நூறு வருடத்துக்கு முந்தைய கரகரத்த இசைத்தட்டு, நேற்று முளைத்த பையன்கள் கம்ப்யூட்டரில் தட்டிச் சேர்த்தது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கண்டுபிடித்ததில் ஒன்றை ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் தம்பியின் போனுக்கு அனுப்புவார். கூடவே ஒரு குறிப்பு. 'நாலாவது நிமிஷம் ஒரு புல்லாங்குழல் நுழையும், விட்டுடாதே. முழுசாக் கேளு.'

தம்பிக்கு வேறு ஊரில், சோபாக் கடையில் விற்பனை வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அலைமோதும். வாயால் "அருமையான செலக்‌ஷன் சார்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் 'அருமை அண்ணா' என்று தட்டிவிடுவான். மூன்றரை வருடத்தில் ஒரு பாட்டைக்கூட அவன் கேட்டதில்லை. ஏமாற்றுகிறோம் என்று நினைத்ததும் இல்லை. அண்ணன் மனசு கோணக் கூடாது, அவ்வளவுதான்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று கூடத்துக்குப் பின்பக்கம் போனான். அங்கே ஒரு தண்ணீர்க் குழாயும், கால் உடைந்த நாற்காலிகளின் குவியலும் இருந்தன. போனைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனான். ஒன்பது நிமிடம், பதினாலு நிமிடம், இருபத்திரண்டு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் கீழே அவனுடைய அருமை.

இந்த அவசரத்தில் எதைக் கேட்டு எதை எடுப்பது? மூன்று மாதத்துக்கு முந்தைய ஞாயிறு ஒன்றில் ஒரு நிமிடம் நாற்பது விநாடி என்று இருந்தது. குட்டிப் பாட்டு, இதுவே போதும் என்று காதில் வைத்தான்.

"தம்பி, இன்னிக்கிப் பாட்டு இல்லடா" என்றது அண்ணனின் குரல்.

"படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு டாக்டர்கிட்ட போனேன். இதயத்துல வால்வு கெட்டுப்போச்சாம். ஆபரேஷன் பண்ணியே ஆகணுங்கறார். எனக்குப் பயமா இருக்குடா. ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் பிரிச்சு மாட்டினவன், என்னைப் பிரிக்கப் போறாங்கன்னா கை நடுங்குது." சிரிக்கப் பார்த்து, இருமினார். "அண்ணிகிட்ட சொல்லல, அவ தாங்கமாட்டா. நீ ஒரு தடவை வந்துட்டுப் போ. நீ பண்ணிக்கோன்னு சொன்னா பண்ணிக்கறேன்."

செய்தி பத்து மணிக்கு வந்திருந்தது. பதிலும் பத்து மணிக்கே போயிருந்தது. பாதி கேட்பதற்குக்கூட நேரமில்லாத பதில். 'அருமை அண்ணா. சூப்பர்.'

அதற்குக் கீழே அண்ணன் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார். 'சரிடா.'

தம்பி குழாயைப் பிடித்துக்கொண்டான். முந்தாநாள் பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் அண்ணன் விழுந்து கிடந்தபோது, லிஃப்ட் வரவில்லை என்று கீழே இரண்டு மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தார்களாம். திடீர் மாரடைப்பு, யாரால் என்ன செய்ய முடியும் என்று காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான். அந்தக் கட்டைவிரலை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

"சார், நேரம் போகுது!"

அடுத்த ஞாயிறும் அண்ணன் அனுப்பியிருந்தார். 'நார்வே. கிராமத்து வயலின், 1961. நேரம் கிடைச்சா கேளு. இல்லேன்னா பரவாயில்ல.' அதற்கு முன்னால் ஒருநாளும் அப்படி எழுதியவரில்லை. அதற்கும் கீழே ஒரு அருமை. அதற்கப்புறமும் ஒரு வாரம்கூட அவர் நிறுத்தவில்லை.

உள்ளே வந்து அந்த வயலினைக் காட்டினான்.

"பதினோரு நிமிஷமா? பாதியில நிறுத்திக்கலாமா?"

"முழுசாப் போடுங்க."

தனி வயலின். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. ஒவ்வொரு தடவையும் எங்கேயோ கொஞ்சம் மாறியது. எங்கே என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணி அவன் பக்கம் சாய்ந்தாள். "நல்லா இருக்கு தம்பி. உன் பதில் வந்ததும் எனக்குப் படிச்சுக் காட்டுவார். மத்தவங்களுக்கு அனுப்பறதெல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு, என் தம்பி ஒருத்தன் கேக்கறான் போதும்பார்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூணு மாசத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை படிக்கல. கேட்டதுக்கு, அவன் இன்னிக்குப் பதில் போடல, கடையில கூட்டமா இருக்கும், பாவம்னார். அதுக்கப்புறம் படிச்சுக் காட்டவே இல்ல. நானும் கேட்டுக்கல."

தம்பி வாயைத் திறந்தான்.

"ஆமா அண்ணி. அன்னிக்கிக் கடையில கூட்டம்" என்றது சோபா விற்ற வாய்.

அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

வயலின் நின்றது. முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. பெட்டி நகர ஆரம்பித்தது. கூடத்துக்காரர் வயரைப் பிடுங்க வந்தார். தம்பி அவர் கையைப் பிடித்துத் தடுத்தான். பதிவில் இன்னும் இருபது விநாடி மீதம் இருந்தது. வாசித்தவர் வில்லை எங்கேயோ வைத்தார், ஒரு பெருமூச்சு விட்டார், யாரோ நடந்துபோய் ஒரு கதவைச் சாத்தினார்கள். அதையும் அவன் கேட்டான்.