ஒரே பட்டிக்குள் இரண்டு வயர்

மூன்றாவது கேபிள் சுவரோரப் பிளாஸ்டிக் பட்டிக்குள் நுழைய மறுத்தது. முந்தைய கேபிளின் நுனியில் இதைக் கட்டி இழுத்து இழுத்து, விரல் சிவந்ததுதான் மிச்சம். வெறுத்துப்போய் அப்படியே தரையில் போட்டு, ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரிலும் மறுமுனையை சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியிலும் செருகினேன்.

இரைச்சல் இல்லை.

மூன்று வாரமாக அந்தப் பெட்டி ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருந்தது. படத்தில் ஆட்கள் பேசும்போது தெரியாது. பேச்சு நின்று, ஒருவர் சன்னலோரம் போய் நிற்கும்போதுதான் கேட்கும். எனக்கோ அந்த இடங்களுக்காகத்தான் படமே.

கடைக்காரர் முதலில் சாதாக் கேபிள் கொடுத்தார். இரைச்சல் என்றதும் இன்னும் தடிமனாக ஒன்று. அதுவும் முனகியதும், விரல் பருமனில், முனையில் தங்க முலாம் பூசியது. “இதுக்கு மேல நல்லது வேணும்னா நகைக்கடைக்குத்தான் சார் போகணும்” என்றார்.

சந்தேகத்தில் முதல் சாதாக் கேபிளையே எடுத்துத் தரையில் விரித்து மாட்டிப் பார்த்தேன். அதிலும் இரைச்சல் இல்லை. ஆக, கோளாறு கேபிளில் இல்லை. சுவரோரம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டியில். சப்வூஃபருக்கு ஒலி கொண்டுபோகும் கேபிளும், அதற்குக் கரண்ட் கொடுக்கும் வயரும் அந்தப் பட்டிக்குள் ஐந்து மீட்டர் ஒட்டி உரசிப் போகின்றன. கரண்டின் முனகல்தான் கேபிளில் ஏறியிருக்கிறது.

பட்டியை அடித்தவர் என் மச்சான். மனைவியின் அண்ணன். எலக்ட்ரீஷியன். அவர் காட்டிய வீட்டை விட்டுவிட்டு இந்த வீட்டை வாங்கியதற்காக இரண்டு வருடம் எங்களோடு பேசாமல் இருந்தவர். இந்தப் பட்டி அடிக்கத்தான் முதல்முறையாக உள்ளே வந்தார். இன்று மாலை படம் பார்க்க வருகிறார்.

“வயரை எடுத்து உள்ள விடுங்க. அண்ணன் வந்துடும்” என்றாள் மனைவி.

“உள்ள விட்டா இரையுது.”

“இரையட்டுமே. ரெண்டு வருஷம் அண்ணன் வாயத் திறக்கலையேன்னு அழுதேன். இப்ப ஒரு பெட்டி முனகுறதா பெருசு?”

 கேபிளை எடுக்க மனம் வரவில்லை. அதற்குள் மச்சான் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே தரையைப் பார்த்துவிட்டார்.

“என்ன மாப்ள, நம்ம வேலை பிடிக்கலியா?”

 பட்டிக்குள் இருந்த கேபிளை மாட்டினேன். முனகியது. கழற்றிவிட்டுத் தரையில் கிடந்ததை மாட்டினேன். நின்றது. மறுபடியும் ஒருமுறை. 

மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“டெலிபோன் வயரைக்கூடக் கரண்டோட சேத்து விடமாட்டேன் மாப்ள. எத்தன கட்டடத்துல பசங்கள இதுக்குத் திட்டியிருக்கேன்! பாப்பா ஒரு வயர்கூடக் கண்ணுல படக்கூடாதுன்னா. ரொம்ப நாள் கழிச்சு ஒண்ணு கேக்குறாளேன்னு…”

“ஓ, கடைசில என் தலையிலயா?” என்றாள் மனைவி.

“பின்ன யார் தலையில? நீதான சுவத்துல ரெண்டாவது பட்டியே வேணாம்னு ஒத்தக்கால்ல நின்ன?”

அவள் சிரித்தாள். எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. மூன்று வாரம்!

மச்சான் டேப்பை எடுத்து எதிர்ச்சுவர் வழியாக அளந்தார். கதவு நிலையைச் சுற்றி வந்தால் எட்டரை மீட்டர். என்னிடம் இருந்த மூன்று கேபிளும் ஆறு மீட்டர்.

“மூணு இருந்தும் ஒண்ணும் எட்டாது” என்றேன்.

“விடுங்க. சாதாக் கேபிளே போதும். நாளைக்கு நானே வாங்கிட்டு வந்து அடிச்சுக் குடுக்குறேன்.”

‘நாளைக்கு’ என்றதும் மனைவி என்னைப் பார்த்தாள்.

கேபிளைத் தரையிலேயே விட்டுப் படம் போட்டோம். திரையில் ஒருவர் பேசி முடித்துச் சன்னலோரம் போய் நின்றார். எந்த முனகலும் இல்லை. மச்சான் குனிந்து என் காதருகே, “சத்தமே வரலியே மாப்ள, மறுபடியும் கோளாறா?” என்றார்.