கம்ச்சிக்காக இருமியவர்கள்

பிஷ்கெக் நகரத்தின் ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தில், மூன்றாவது வாசல் வழியாகப் போய்வரும் வீடுகளின் அறுபத்திரண்டு பேரும் அந்த இலையுதிர் காலத்தில் பத்தொன்பது நாட்கள் இருமினார்கள். ஒருவருக்கும் நோய் இல்லை. இருமல் எல்லோருக்கும் ஒரே நொடியில் வரும், இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஏழாம் மாடியில் பிறந்து எட்டு நாளான குழந்தைகூடத் தப்பவில்லை. நோயாளி நான்காம் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

அது கம்ச்சி என்ற மலைப்பாம்பு. மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலிபஸ்ஸை ஓட்டுகிற புருல்ச்சாவின் மகள் ஜஸ்குல் வளர்த்தது. அம்மாவோடு முட்டிக்கொண்டு மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனவள் பாம்பை மட்டும் விட்டுப் போனாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவாள், தின்றதா, தோல் உரித்ததா, பெட்டி சூடாக இருக்கிறதா என்று பாம்பைப் பற்றியே கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பாம்பு இல்லையென்றால் ஞாயிறும் இல்லை என்பது புருல்ச்சாவுக்கு நன்றாகத் தெரியும்.

நகராட்சி வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிடும் வரை அங்கே வீடுகள் சில்லிட்டுத்தான் கிடக்கும். அப்படியொரு காலையில் அவள் சமையலறைக்குள் வந்தபோது தரையில் பாம்பு. பெட்டியைச் சரியாக மூடாதவள் அவள்தான். ஆனால் வீட்டில் பாம்பைக் கண்டால் அடிக்காமல் தலையில் பால் ஊற்றி மரியாதையாக வெளியே அனுப்பவேண்டும் என்று சிறு வயதிலிருந்தே பழகிய கை, அவள் யோசிப்பதற்குள் ஒரு லிட்டர் குளிர்ந்த பாலை ஊற்றிக் கதவையும் திறந்துவிட்டது. "நல்லபடியா போயிட்டு வா" என்று வாய் வேறு சொல்லிற்று. சீருடை மாட்டி வேலைக்குக் கிளம்பும்போது, படிக்கட்டில் நனைந்து கிடப்பது தன் வீட்டுப் பாம்பு என்று உறைத்தது. அள்ளிக்கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டாள்.

சில நாளில் கம்ச்சி தலையை அண்ணாந்தே வைத்துக்கொண்டது. புருல்ச்சா அதைத் திமிர் என்று நினைத்தாள். பிறகு மூக்கில் குமிழ் வந்தது, வாய் மூடவில்லை, மூச்சு எண்ணெய் காணாத கதவுபோலக் கிறீச்சிட்டது. அன்றுதான் மூன்றாவது வாசல் இரும ஆரம்பித்தது. ஆடுமாடுகளுக்கு ஊசி போட்டே நரைத்துப்போன டாக்டர் எர்மெக் வந்தார். வாசலுக்குள் கால் வைத்ததும் அவரும் இருமினார்.

"நுரையீரல்ல சளி, அக்கா. பாம்புக்கு இரும வராது, அதுக்கான தசையே கிடையாது. சளி உள்ளேயே தேங்கிடும்."

"நாங்கதான் இருமுறோமே டாக்டர்?"

"இருமுங்க, தப்பில்ல. ஆனா அதோட சளி உங்க தொண்டை வழியா வராதே."

மூன்று நாளைக்கு ஒரு ஊசி, பெட்டிக்குள் முப்பத்திரண்டு டிகிரி சூடு என்று எழுதிக்கொடுத்தார். ஊசி கிடைத்தது, சூடு கிடைக்கவில்லை. பெட்டியைச் சூடேற்றும் விளக்கைப் போட்டால் மின்சாரம் போயிற்று. ஆறாம் மாடித் தொக்தோசுன் வெந்நீர்ப் புட்டிகளோடு வந்து, "சொந்தப் பாம்பையே வழியனுப்பி வச்ச ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். சொல்லிவிட்டு விடிய விடியப் புட்டிகளை மாற்றினார். ஒருநாள் பதினைந்து பேர் பெட்டியைச் சுற்றி நின்று விலா நோக இருமிப் பார்த்தார்கள். பாம்பின் மூக்கில் ஒரு குமிழ்கூட உடையவில்லை. புருல்ச்சாவுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

ஞாயிறன்று, "தூங்குது" என்று பொய் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. அதே நொடியில் மாஸ்கோவிலும் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

"கம்ச்சிக்கு என்னம்மா ஆச்சு?"

"பால் ஊத்திட்டேன்டி."

பத்தொன்பதாம் நாள் காலையில் குழாய்கள் களகளவென்று சூடாயின. பத்தே முக்காலுக்கு, டிராலிபஸ் பாலத்தில் ஏறும்போது, புருல்ச்சாவுக்கு வந்த இருமல் பாதியில் நின்றது. அவள் அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினாள். கைபேசி அடித்தது. அன்று புதன்கிழமை.

"நின்னுடுச்சும்மா."

"ஆமாடி."

பயணிகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் அந்த வாசல் இருமத் தொடங்கி, பத்தொன்பதாம் நாள் நின்றுவிடுகிறது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். முதல் இருமலோடு ஜஸ்குலின் அழைப்பு வரும், அந்தப் பத்தொன்பது நாளும் தவறாமல் வரும். கேட்பதற்குப் பாம்பு இல்லாததால் அவள் அம்மாவைக் கேட்கிறாள்: சாப்பிட்டியா, வீடு சூடா இருக்கா.