ஓரின் திருடிய இரண்டாவது பேஸ்

நெப்ராஸ்காவில் சோளக்காடு சூழ்ந்த அந்த ஊர் பேஸ்பால் டீமில் ரொம்ப காலமாக ஓரின்தான் கேட்சர். குந்தி உட்கார்ந்து பந்து பிடித்ததில் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்; தொப்பை மட்டும் தேயவில்லை. மைதானத்தின் மூலைகளில் இருக்கும் மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, கிளம்பிய இடமான ‘வீட்டுக்கு’ ஓடி வந்து சேர்ந்தால் ஒரு ரன். பேஸ் திருடுவது என்றால், பிட்சர் பந்தை வீசும் நேரம் பார்த்து, யாரும் அடித்துக் கொடுக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்துவிடுவது. அந்தப் பாவத்தை ஓரின் ஒருநாளும் செய்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரோடு ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரு டீமும் சமம். ஓரின் எப்படியோ ஒரு பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸில் வந்து நின்று மூச்சு வாங்கினான். அங்கே எதிர் டீமுக்காகக் காவல் நின்றவன் அவன் மனைவியின் தம்பி ட்வைட்.

“என்ன மாமா, உயிர் இருக்கா? ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?”

“வாயை மூடிட்டு உன் வேலையைப் பாருடா.”

“உங்களைக் காவல் காக்கிறதும் ஒரு வேலையா? நீங்க அடுத்த பேஸைத் திருடுறதுக்குள்ள சோளம் அறுத்து வித்தே முடிச்சிருவாங்க.”

சொல்லிவிட்டு பேஸை விட்டே தள்ளிப் போய் நின்றுகொண்டான். மற்றவர்கள் அங்கே நின்றபோதெல்லாம் திரும்பித் திரும்பி முறைத்த பிட்சர் க்ளீட்டஸ், இப்போது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஓரினுக்குச் சுருக்கென்றது. திருடன் என்றுகூட ஒருத்தனும் மதிக்க மாட்டேன் என்கிறானே!

பந்து வீசக் காலைத் தூக்கும் முன் க்ளீட்டஸின் தோள் லேசாக இறங்கும். ஓரின் அதைக் கவனித்து வைத்திருந்தான். தோள் இறங்கியது. ஓரின் பாய்ந்தான்.

“ஐயோ, மாமா ஓடுறார்!” என்று ட்வைட் அலறினான்.

எதிர் டீம் கேட்சர் தன் கண்ணையே நம்பாமல் ஒரு கணம் நின்றுவிட்டான். ஓரின் சறுக்கினான், அவசரப்பட்டு முன்னாலேயே சறுக்கியதால் பாதியிலேயே நின்றுபோய், மிச்ச தூரத்தைத் தவழ்ந்து கடந்து பேஸைக் கட்டிக்கொண்டான். பதறி எறிந்த பந்து அவன் தலைக்கு மேலே பறந்து போனது.

“மூணாவதுக்கு ஓடுடா!” என்று கத்தினார் கோச் மெர்ல்.

“நாளைக்கு ஓடுறேன் கோச்!”

க்ளீட்டஸுக்கு வியர்த்துவிட்டது. இவனே திருடுகிறான் என்றால் இனி எதைத்தான் நம்புவது? இரண்டு தடவை சட்டென்று திரும்பி, பேஸை விட்டு அசையாமல் நின்ற ஓரினைப் பிடிக்கப் பந்தை எறிந்தான். அப்புறம், கையில் பந்தும் மனசில் ஓரினுமாக, பேட்டுக்கு நேரே வாகாக ஒன்றை வீசினான். அடுத்து ஆட வந்த டோபி அதைச் சோளக்காடு வரை விரட்டினான். ஓரின் பாதி ஓட்டமும் பாதி நொண்டலுமாக ‘வீடு’ வந்து சேர்ந்தான். ஊர் ஜெயித்தது.

தொடை பிடித்துக்கொண்டதில் அவனால் அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. நாலு பேர் தூக்கிப் போனார்கள். கூட்டம் அதைக் கொண்டாட்டம் என்று நினைத்துக் கைதட்டியது. ஓரினும் தொப்பியை ஆட்டினான். தூக்கியவர்களில் ட்வைட்டும் ஒருவன்.

“மாமா, அக்காகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“உன் புருஷன் திருடிட்டான்னு சொல்லு. உன் தம்பியால பிடிக்க முடியலைன்னும் சேர்த்துச் சொல்லு.”