வித்துராவில் நின்றுபோன நிரல்

காலையிலிருந்தே மாளவிகாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரமனை வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதும், எழுந்து வாசல்வரை போய்த் திரும்புவதுமாக இருந்தாள். பல ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் கூடி வளர்க்கும் கட்டற்ற மென்பொருள் களஞ்சியம் ஒன்றில் அவளும் வேலை பார்த்தாள். அதில் இந்திய மொழிகளுக்கான பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொதிகள், ஒன்றையொன்று கெடுக்காமல் வெளிவரப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. புதிய வெளியீட்டுக்கு அன்று மாலையோடு கதவு அடைபடும். பிறகு எதையும் மாற்ற முடியாது.

எழுத்துகளைக் கோத்துத் திரையில் காட்டும் நிரலை மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து திருத்தி, அந்த வாரம்தான் ஏற்றியிருந்தாள். அதோடு மலையாள எழுத்துருவும் மாறினால்தான் கூட்டெழுத்துகள் உடையாமல் நிற்கும். எழுத்துருவைப் பராமரிப்பவன் வித்துராக்காரன் பிரஜின். எத்தனை மெயில் போட்டும் அவனிடமிருந்து பதிலில்லை.

அவளோடு களஞ்சிய வேலை பார்க்கும் ஷிஜா போனில் சொன்னாள்: "நீயே மாத்தி ஏத்திடு. உனக்கு அனுமதி உண்டல்லே?"

"அவனைக் கேக்காம தொடமாட்டேன். போன தடவை யாரோ கேக்காம தொட்டதாலதான் அவன் ஒதுங்கிப் போயிட்டான்."

போனை வைத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு வித்துராவுக்குக் கிளம்பிவிட்டாள். நெடுமங்காட்டில் பஸ் நின்ற நேரமெல்லாம் அவளுடைய கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

வித்துரா சந்தைக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் பிரஜின் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றான்.

"இதுக்கா சேச்சி பஸ் ஏறி வந்தீங்க?"

"நீ பதில் போடலையே."

"மெயில் பாத்தேன். எப்படியும் நீங்களே செஞ்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். "கேக்கறதுக்குன்னு யாரும் வந்ததில்ல."

உட்கார்ந்தான். எழுத்துருவை மாற்றி, அவளுடைய நிரலோடு சேர்த்து ஓட்டினான். எல்லாம் சரியாக வந்தது, ஓர் எழுத்தைத் தவிர. மலையாளத்தில் 'என்னுடைய' என்று பொருள்படும் 'என்டெ' என்ற சொல்லின் கூட்டெழுத்து இரண்டு துண்டாக விழுந்தது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் அப்படியே.

"தப்பு எழுத்துருல இல்ல சேச்சி, உங்க நிரல்லதான். இப்படியே விட்டா இங்க ஒருத்தனும் 'என்னுடைய'ன்னு ஒழுங்கா எழுத முடியாது, கேட்டோ."

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"இன்னிக்கு முடியாது."

அவள் வெளியே போய் நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெளியிட்டுவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று மனசு சொன்னது. எதிரே தெரிந்த பெயர்ப்பலகைகளில் அந்த எழுத்து எங்கெல்லாம் வருகிறது என்று கண் தானாகத் தேடியது. நேராக டெலிபோன் பூத்துக்குள் நுழைந்தாள்.

"ஷிஜா, என் நிரலைத் திரும்ப எடுத்துடு. பழசே போகட்டும்."

"அடுத்த வெளியீடு எப்போன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். எடுத்துடு."

திரும்பி வந்தபோது பிரஜின் அவளுக்காக இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான்.

"கடைசி பஸ் எப்போ?" என்று கேட்டாள்.

"நேரமிருக்கு. நிரலைத் திறங்க."

அந்த வெளியீடு அவள் உழைப்பில்லாமலேதான் போனது. மறுவருஷ வெளியீட்டில் இருவருடைய பேக்கேஜும் ஒரே நாளில் ஏறின. ஏற்றிய கையோடு மாளவிகா பிரஜினுக்குப் போன் போட்டு, எங்கேயாவது ஏதாவது உடைகிறதா என்று கேட்டாள்.